நான்கு தொழில்களின் பெயரோடு மாநாட்டுக்குப் போனேன்

மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டல் மாநாடு ஒன்றுக்கு முதல் முறை போனபோது 64 பக்கங்களுக்குக் குறிப்பு எடுத்தேன். வந்த பிறகு அந்தக் குறிப்பேட்டை இரண்டு முறைதான் திறந்திருப்பேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்த 64 பக்கங்களும் எனக்குப் புரியவைத்தன. மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை போனபோது என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்கு தொழில்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. ஒரு மாணவி அதற்கு முந்தைய ஓராண்டில் என்னிடம் சொன்னவை அவை. அந்த நான்கு பெயர்கள் எனக்குக் கற்றுத் தந்தவற்றை எழுதவே இந்தப் பகிர்வு.

நான் உயிரியல் ஆசிரியர். ஆறு ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் தொழில் வழிகாட்டலையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்து வருகிறேன். ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தவிர இதற்கென்று தனிப்படிப்பு எதுவும் எனக்கு இல்லை. என்னைப் போன்றவர்கள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, பதின்ம வயதுப் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி அவர்களோடு பேசும் பெரிய வேலை எங்கள் கையில் இருக்கிறது.

அந்த மாணவிக்கு அப்போது வயது 16. முதலில் வந்தபோது செவிலியர் ஆக வேண்டும் என்றாள். சில வாரங்களுக்குப் பிறகு கடிகாரம் பழுதுபார்க்கும் வேலை. அடுத்த முறை, பல் மருத்துவர்களுக்காகச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் வேலை. கடைசியாக, அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களின் சேதத்தைச் சரிசெய்து பாதுகாக்கும் வேலை. ஒவ்வொரு முறையும் நான் அந்தத் துறைக்கான படிப்பு, தகுதி, கால அளவு எல்லாவற்றையும் தேடிக் கொடுத்தேன். நான்காவது முறை அவள் போன பிறகு அவளுடைய கோப்பில் எழுதினேன்: ‘முடிவெடுக்க இயலாமல் தடுமாறுகிறார்.’ அவளுடைய பெற்றோரிடமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். அந்த வரி பின்னர் எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது.

இரண்டாம் முறை மாநாட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு காரியங்கள் செய்தேன். இரண்டும் முதல் முறை செய்யாதவை. தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும்போதே, திரும்பி வந்த அடுத்த வாரத்து ஆசிரியர் கூட்டத்தில் எனக்கு 20 நிமிடம் வேண்டும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டேன். தேதி முன்னால் நிற்கும்போது கேட்கும் காதே மாறிவிடுகிறது. ‘சக ஆசிரியர்களிடம் இதை எப்படிச் சொல்வேன்?’ என்ற கேள்வி எல்லா அமர்வுகளிலும் கூடவே வந்து உட்கார்ந்தது. இரண்டாவதாக, நிகழ்ச்சி நிரலில் இருந்த ஆய்வுச் சுருக்கங்களை எல்லாம் முன்னதாகவே படித்தேன். ஒரே நேரத்தில் ஐந்து அமர்வுகள் நடக்கும்போது தலைப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்து போவோம். பேசுபவர் எந்த வயது மாணவர்களோடு வேலை செய்கிறார், எத்தனை காலம் செய்தார், என்ன நடந்தது என்பதைச் சுருக்கத்திலேயே சொல்லியிருந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஓர் அமர்வு நேரத்தை வெறுமையாக விட்டுவைத்தேன். அந்த வெற்று நேரம் எவ்வளவு பயன்பட்டது என்பது பின்னால் வரும்.

தொடக்க விழா வழக்கம்போல் நீண்டது. அதற்குப் பிறகு பேசியவர் இந்தத் துறையின் பிறப்பிலிருந்து தொடங்கினார். 1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டலுக்கென ஒரு பணியகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் இறந்தும் போனார். அவர் விட்டுச் சென்ற வழிமுறை மூன்று படிகள் கொண்டது. முதலில் உன்னை அறிந்துகொள், பிறகு தொழில்களை அறிந்துகொள், பிறகு இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நிதானமாக யோசி. எனக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் மடியில் அந்த நான்கு பெயர்களை வைத்துக்கொண்டு கேட்டபோது ஒன்று உறைத்தது. அந்த மாணவியிடம் நான் நான்கு முறையும் இரண்டாவது படியிலிருந்தே தொடங்கியிருக்கிறேன். தொழிலின் பெயரைச் சொன்னவுடன் தகவலைத் தேடி ஓடியிருக்கிறேனே தவிர, அவளை அறிந்துகொள்ளும் படியில் நான் கால் வைக்கவே இல்லை.

அன்று பிற்பகல் நடந்த பயிலரங்கில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நிமிடத்தில் தெரிந்த தொழில்களின் பெயர்களை எழுத வேண்டும். நான் 38 எழுதினேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் 436 அடிப்படைப் பிரிவுகள் இருக்கின்றன என்றும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள் அடங்கும் என்றும் பயிலரங்கை நடத்தியவர் சொன்னார். பிறகு பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து ஒரு கணக்கைக் காட்டினார். 41 நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளில் 47 விழுக்காட்டினரும் பெண் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரும் வெறும் 10 தொழில்களுக்குள்ளேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் போல எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள்.

அரங்கில் பலர் தலையசைத்தார்கள். எனக்கோ உள்ளே ஏதோ குறுகுறுத்தது. என் மாணவி சொன்ன நான்கில் மூன்று அப்படிப்பட்ட பட்டியலுக்குள் வரவே வராதவை. அவள் தானாகத் தேடிக் கண்டுபிடித்தவை. அந்தத் தேடலைத்தான் நான் தடுமாற்றம் என்று எழுதிவைத்திருந்தேன்.

உளவியலாளர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாட்டையும் அதே பயிலரங்கில் விளக்கினார்கள். தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் தொழில்களைக் கழித்துக்கொண்டே போவதுதான் என்கிறது அது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் ‘இது ஆண்களுக்கான வேலை, இது பெண்களுக்கான வேலை’ என்று ஒரு பகுதியைக் குழந்தை ஒதுக்கிவிடுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் ‘இந்த வேலைக்கு மதிப்பு இல்லை’ என்று இன்னொரு பகுதி போய்விடுகிறது. தன் விருப்பம், தன் திறமை என்ற யோசனை பதினான்கு வயதையொட்டித்தான் வலுப்பெறுகிறது. அதற்குள் கழிந்தவற்றைத் திரும்பிப் பார்க்க யாரும் சொல்வதில்லை. நாங்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கும்போது பாதிக் கதவுகள் சாத்தப்பட்டிருக்கும் என்பதை இந்தக் கோட்பாடு எனக்குத் தெளிவாகக் காட்டியது. வழிகாட்டலைத் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். அந்த வயதில் பிள்ளைகள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், கழிக்காமல் இருந்தால் போதும்.

மாநாட்டு வளாகத்தில் அரங்குகள் போட்டிருந்தார்கள். மாணவருக்கு எந்தத் துறை ஒத்துவரும் என்று பார்க்கும் நாட்டச் சோதனைகளும் ஆர்வச் சோதனைகளும் பலவிதமாக விற்பனைக்கு இருந்தன. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிகளின் பணமும் பிள்ளைகளின் நம்பிக்கையும் இதில் இருக்கின்றன. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் வெளியிட்ட கருத்தின் வழி வந்த ஆறு ஆர்வ வகைகளைத்தான் பல சோதனைகள் அடிப்படையாக வைத்திருக்கின்றன: கைத்திறன், ஆராய்ச்சி, கலை, சமூகம், முனைப்பு, ஒழுங்குமுறை. பயனுள்ள வகைப்பாடுதான். தேடலை எங்கிருந்து தொடங்கலாம் என்று அது காட்டும். ஆனால் ஒரு மாணவரின் கையில் அவருக்கு அதிகம் பொருந்தும் மூன்று வகைகளின் முதல் எழுத்துகளைக் கொடுத்து, நீ இதுதான் என்று அனுப்பிவிட்டால் அது தீர்ப்பாகிவிடும்.

ஒவ்வோர் அரங்கிலும் மூன்று கேள்விகள் கேட்டேன். இந்தச் சோதனையை உருவாக்கியபோது எந்த வயது, எந்த மொழி, எந்தப் பின்னணி கொண்ட மாணவர்களிடம் சரிபார்த்தீர்கள்? அதே மாணவர் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் முடிவு எவ்வளவு ஒத்துவரும்? முடிவை மாணவருக்கு யார், எத்தனை நேரம் உட்கார்ந்து விளக்குவார்கள்? ஒரே ஓர் அரங்கில் மூன்றுக்கும் ஒழுங்கான விடை, கையேட்டோடு கிடைத்தது. இன்னோர் அரங்கில் மூன்றாவது கேள்விக்கு, “விளக்கவே தேவையில்லை, 22 பக்க அறிக்கை தானாக வந்துவிடும்” என்று பெருமையோடு சொன்னார்கள். பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு பள்ளி மயங்கிவிடக் கூடாது. மேசைக்கு எதிரே ஒரு மனிதர் இல்லாமல் அந்த அறிக்கை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில், நான் வெறுமையாக விட்டிருந்த நேரத்தில், மாடிப்படிக்கு அருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மூத்த ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். முந்தைய நாள் பயிலரங்கில் என் குழுவில் இருந்தவர். என் முதல் பக்கத்தைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்டார். மாணவியின் பெயர், பள்ளி, ஊர் எதையும் சொல்லாமல் விவரத்தை மட்டும் சொன்னேன்.

நான்கு சொற்களையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு கேட்டார்: “செவிலியர் என்று ஏன் சொன்னாள்?”

எனக்குத் தெரியவில்லை. கோப்பில் அது இல்லை. நினைவைத் துருவியபோது ஒன்று வந்தது. உறவினர் ஒருவரின் கையில் பட்ட காயத்துக்குத் தையல் போட்டதை அருகில் நின்று பார்த்ததாக அவள் சொல்லியிருந்தாள். அந்தத் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்று விரலால் மேசையில் வரைந்தும் காட்டினாள். அதைச் சொன்னேன்.

“தையல், கடிகாரம், பல், ஓவியம்” என்று அவர் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். “கெட்டுப்போன சின்னப் பொருளை நுணுக்கமாகக் கையாலேயே சரிசெய்கிற வேலை. நான்கு முறையும் ஒரே விஷயத்தைத்தானே சொல்லியிருக்கிறாள்? இதில் குழப்பம் எங்கே இருக்கிறது?”

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓராண்டாக என் மேசையில் இருந்த கோப்பு அது. அதை முதல் முறையாகக் கேட்ட ஒருவர் இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தானும் பல ஆண்டுகள் தொழிலின் பெயரை மட்டும் எழுதிவைத்தவர்தான் என்றார். இப்போது அவருடைய பதிவேட்டில் மூன்று கட்டங்கள் இருக்கின்றனவாம்: மாணவர் சொன்ன தொழில், அதற்கு அவர் சொன்ன காரணம் அவருடைய வார்த்தையிலேயே, அந்த ஆசை எங்கே எதைப் பார்த்து வந்தது. “பெயர் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள், அங்கேதான் பிள்ளை இருக்கும்” என்றார். மார்க் சவிக்காஸ் என்ற உளவியலாளர் தொழில் ஆலோசனையில் மாணவர் சொல்லும் கதைகளுக்குள் ஓடும் இழையைத் தேடச் சொல்வதையும் அவர்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். யாரைப் பார்த்து வியந்தாய், எந்தக் கதை பிடிக்கும், சிறுவயதில் நினைவில் நிற்பது எது என்பவை போன்ற கேள்விகள்.

அடுத்த அமர்வுக்கு நான் போனபோது மனம் அதற்குத் தயாராக இருந்தது. 1999-இல் ஜான் க்ரம்போல்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதிய ‘திட்டமிட்ட தற்செயல்’ என்ற கருத்தைப் பற்றிய அமர்வு அது. முடிவெடுக்காமல் இருப்பதை நோயாகப் பார்க்காதீர்கள், அது திறந்த மனமாகவும் இருக்கலாம் என்பது அதன் மையம். தற்செயலாக வரும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள ஆர்வம், விடாமுயற்சி, நெகிழ்வு, நம்பிக்கை, துணிவு ஆகிய ஐந்தும் வேண்டும் என்கிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் கோடிட்டுவிட்டுக் கடந்து போயிருப்பேன். ஒரு மாணவியின் முகம் எதிரில் இருந்ததால் அது என்னை விட்டுப் போகவில்லை.

கூட்டம் மிகக் குறைவாக இருந்த ஓர் அமர்வையும் சொல்ல வேண்டும். பதினொரு பேர்தான் இருந்தோம். ஓர் ஆசிரியர் தன் பள்ளியின் பணியிடப் பார்வை எப்படித் தோற்றது என்று பேசினார். இங்கிலாந்தில் ஜான் ஹோல்மன் தலைமையில் பள்ளிகளில் நல்ல தொழில் வழிகாட்டல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல 2014-இல் உருவாக்கப்பட்ட எட்டு கேட்ஸ்பி அளவுகோல்களில், தொழில் செய்பவர்களைச் சந்திப்பது ஒன்று, பணியிட அனுபவம் இன்னொன்று. அதைப் படித்த உற்சாகத்தில் 120 மாணவர்களை ஒரே நாளில் ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அவ்வளவு பேரையும் இயந்திரங்களுக்கு அருகில் விட முடியாததால் பிள்ளைகள் கண்டது ஒரு கூட்ட அறையையும் ஒரு திரையையும்தான். அடுத்த ஆண்டு ஆறு ஆறு பேராக அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும்: நேற்றைய நாள் முழுக்க என்ன செய்தீர்கள், இந்த வேலையில் எது சலிப்பைத் தருகிறது, இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள். இந்த மூன்று கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லும் அமர்வுகளில் இப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. தோல்வியைத் திறந்து சொல்பவர் எந்த மூலையில் பேசினாலும் தேடிப் போய் உட்காருங்கள்.

மனத்தை நோகடித்த ஒன்றும் நடந்தது. ஓர் அமர்வில் ஒரு மாணவரின் ஒளிப்படத்தையும் மதிப்பெண்களையும் திரையில் காட்டி, அவர் குடும்பத்தின் நிலையை விவரித்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளையிடம் யார் அனுமதி கேட்டார்கள்? பிள்ளைகள் நம்மை நம்பி நம் அறைக்குள் சொன்னதை மாநாட்டுக்குக் கொண்டுபோகும்போது பெயர், ஊர், பள்ளி, அடையாளம் காணக்கூடிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது. பிரச்சினையின் வடிவம் மட்டும் போதும். மூத்த ஆலோசகர் என் மாணவியைப் புரிந்துகொள்ள அவளுடைய பெயர் தேவைப்படவே இல்லை.

திரும்பி வந்த இரண்டாம் நாளே குறிப்புகளைப் படித்து, செய்ய விரும்புபவற்றை எழுதினேன். பதினாறு வந்தன. அகலக் கால் வைத்தால் எதுவும் நடக்காது என்பதை முதல் மாநாடு கற்றுக்கொடுத்திருந்ததால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் மூன்று கட்டங்கள். ஆசிரியர் கூட்டத்தின் 20 நிமிடத்தில் மாநாட்டைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, நீங்கள் பதினாறு வயதில் என்ன ஆக விரும்பினீர்கள், ஏன் விரும்பினீர்கள் என்று எழுதச் சொன்னேன். கணித ஆசிரியர் ஒருவர் கப்பலில் வேலை செய்ய விரும்பியிருக்கிறார். காரணம், வானத்தையும் கருவிகளையும் வைத்து இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும் என்பது. அவர் அதைப் படித்துவிட்டு ஒரு கணம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு மூன்று கட்டங்களை யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது நான்கு வகுப்பாசிரியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மாணவியை அழைத்தேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளைத் தடுமாறுகிறவள் என்று எழுதியது தவறு என்று சொல்லி, அவள் முன்னாலேயே அந்த வரியை அடித்தேன். நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இவற்றில் பொதுவாக உனக்கு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். ஆலோசகர் சொன்ன விடையை நான் சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாமே மெதுவாகச் செய்கிற வேலை டீச்சர்” என்றாள். எனக்கும் ஆலோசகருக்கும் தோன்றாத விடை அது. அவசரம் இல்லாத வேலை, முடித்த பிறகு கைபட்டதே தெரியாத வேலை என்று அவளே மேலும் விளக்கினாள். அதை அப்படியே இரண்டாவது கட்டத்தில் எழுதினேன்.

பிறகு, வேலை செய்பவர்களிடம் கேட்பதற்கான அந்த மூன்று கேள்விகளோடு மூன்று பேரைச் சந்திக்க ஏற்பாடு செய்தோம். கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் செயற்கைப் பல் செய்பவரையும் பார்த்துவிட்டாள். இரண்டாவது இடத்தில் பெரும்பகுதி வேலை கணினித் திரையில் நடப்பதைக் கண்டு அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அதையும் எழுதிவைத்தோம். மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர் ஒருவரைச் சந்திப்பது இன்னும் பாக்கி. அதை அவளே பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்த்திருக்கிறாள். எந்தப் படிப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. அவளுடைய பெற்றோரை மறுபடியும் வரச் சொல்லி, நான் முன்பு சொன்னதைத் திருத்திச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாநாட்டுக்குப் பெயர் பதிந்திருக்கிறேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்த முறை தொழில் பெயர் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட என் அறைக்குள் வராத ஒரு மாணவனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: ‘கதவு வரை வந்து திரும்பிப் போகிறான்.’